"உயிருள்ள கறையான் இல்லை" என்று ரிப்போர்ட், ஆனால் பாதி வீட்டைப் பார்க்கவே இல்லை. ஏலத்துக்குப் போகலாமா?

திருச்சிக்காரன் | திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியில் வென்ட்வொர்த்வில் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 1950களில் கட்டிய ஃபைப்ரோ (சிமென்ட் தகட்டுச் சுவர்) வீடு, செங்கல் தூண்கள் மேல் மரத்தரை. பின்பக்கம் கான்கிரீட் ஸ்லாப் போட்டு ஹாலும் சமையலறையும் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள். உள்ளே எல்லாம் புதுசு: ஹைபிரிட் தரை, ஸ்கர்டிங் (சுவரடிப் பட்டை), வெள்ளை பெயின்ட். சனிக்கிழமை ஏலம்.

விற்பவர் எடுத்த பில்டிங் அண்ட் பெஸ்ட் (கட்டடம், பூச்சி ஆய்வு) ரிப்போர்ட்டை ஏஜென்ட் அனுப்பினார். முதல் பக்கத்திலேயே "ஆய்வு நேரத்தில் உயிருள்ள கறையான் காணப்படவில்லை" என்று இருந்தது. மனைவி அதோடு நிம்மதியாகிவிட்டார். நான் உள்ளே போய்ப் படித்தேன். தரைக்கு அடியில் பின்பாதிக்குப் போக முடியவில்லை. கூரையின் ஓரங்கள் தாழ்வு என்பதால் பார்க்கவில்லை. கராஜில் சாமான் அடுக்கியிருந்ததால் சுவர் தெரியவில்லை. கடைசியில் "கறையான் தாக்கும் அபாயம்: அதிகம்". இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் எப்படி? நாங்கள் தனியாக ஒரு ஆய்வு எடுக்க வேண்டுமா? இதற்கு முன் பார்த்த வீடுகளுக்கும் இப்படிச் செலவழித்து, வீடு வேறு ஒருவருக்குப் போனதுதான் மிச்சம். அதனால்தான் யோசனை.

கங்காரு காப்பி | திங்கள் இரவு

ரெனவேட் செய்த வீடுதானே? இப்போது வரும் ஃப்ரேம் மரம் எல்லாம் நீல நிறத்தில் மருந்து ஏற்றியே வருகிறது. கறையான் கிட்ட வராது. சும்மா குழம்பாமல் ஏலத்துக்குப் போங்கள்.

மர வைத்தியர் | செவ்வாய் காலை

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கங்காரு காப்பி சொன்ன நீல மரம் உண்மைதான், எச்2எஃப் என்று பெயர். ஆனால் அது பின்பக்கம் சேர்த்த பகுதியின் சுவர்ச் சட்டத்தில்தான் இருக்கும். ஸ்கர்டிங், கதவு நிலை, சமையலறைப் பெட்டிகள் இதிலெல்லாம் அநேகமாக எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) அல்லது சாதாரண பைன். முன்பக்கத்துப் பழைய வீடு அப்படியே பழையதுதான். புது பெயின்ட் அடித்ததால் ஜாய்ஸ்டுக்கு (தரைப்பலகையைத் தாங்கும் சட்டம்) வயது குறைவதில்லை.

இப்போது ரிப்போர்ட். டிம்பர் பெஸ்ட் (மரத்தை அழிக்கும் பூச்சி, அழுகல்) ஆய்வுக்கு இங்கே ஏஎஸ் 4349.3 என்று ஒரு தர விதி இருக்கிறது. அதன்படி அது கண்ணால் பார்க்கும் ஆய்வு. எதையும் உடைக்க மாட்டோம், கம்பளத்தைத் தூக்க மாட்டோம், சோஃபாவை நகர்த்த மாட்டோம். மரத்தரை என்றால் அதற்கு அடியில் 400 மி.மீ உயரமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுழைய மாட்டோம். கூரைக்கு 3.6 மீட்டர் ஏணி எட்டும் வரைதான். ஆகவே "கறையான் காணப்படவில்லை" என்றால் "நான் போன இடத்தில், போன நேரத்தில், என் கண்ணுக்குப் படவில்லை" என்றுதான் பொருள். முதல் பக்கத்தை விட்டுவிட்டு, "அணுக முடியாத பகுதிகள்" என்ற அட்டவணையை முதலில் படியுங்கள். வீட்டைப் பற்றி அந்தப் பக்கம்தான் அதிகம் சொல்லும்.

உங்கள் வீட்டில் அந்த அட்டவணையே கவலைப்பட வைக்கிறது. பழைய மரத்தரையும் புது ஸ்லாப்பும் சேரும் கோடுதான் கறையானுக்குப் பிடித்த இடம். ஸ்லாப் போடும்போது பழைய பின்சுவரின் காற்றுத் துவாரங்களை அடைத்துவிடுவார்கள். உள்ளே ஈரம் தங்கும். அந்தப் பக்கம் இருந்த நுழைவாயிலும் போய்விடும். ஈரமும் இருட்டும் சேர்ந்து, ஆளும் போக முடியாத இடமாகிவிடுகிறது. ரிப்போர்ட் எழுதியவர் பொய் சொல்லவில்லை. தரைக்கடியில் பாதிதான் பார்த்தேன், பார்க்காத பாதிதான் ஆபத்தானது என்கிறார். உங்கள் "இரண்டும் எப்படி" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

பென்டில்ஹில் பெரியப்பா | செவ்வாய் காலை

தம்பி, 1950களில் இந்தப் பக்கம் கட்டிய வீடுகளில் தரைப்பலகை பெரும்பாலும் சைப்ரஸ் பைன். அதன் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, கறையான் தொடாது. எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் வைரம் பாய்ந்த பனஞ்சலாகைதான் கூரை. சுற்றிவர வளவு முழுக்கப் புற்று. என் ஆயுளில் அந்தக் கூரையைக் கறையான் அரித்துப் பார்த்ததில்லை. பழைய ஆட்கள் மரம் பார்த்துத்தான் வாங்கினார்கள். இப்போதைய பைனை விட அந்தப் பழைய தரை எவ்வளவோ மேல். அப்படிக் கறையான் கண்டாலும் மண்ணெண்ணெய் ஊற்றினால் போய்விடும்.

மர வைத்தியர் | செவ்வாய் மதியம்

பெரியப்பா, சைப்ரஸ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கறையான் தின்னாத மரத்தை அது பாதையாகப் பயன்படுத்தும். தூணின் மேல் மண் தடம் போட்டு, சைப்ரஸ் தரையின் ஓரமாகவே ஏறி, கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் போய்விடும். அந்தக் காலத்து வீடுகளில் கூரைக்கு ஒரிகன் மரமும் போட்டிருப்பார்கள். அது கறையானுக்குப் பிரியமான மரம். தரை முழுசாக இருக்கும், மேலே கூரைச் சட்டம் உள்ளே வெறும் மண்ணாக இருக்கும். இப்படிப்பட்ட வீடுகளை நிறையவே பார்த்தாயிற்று.

மண்ணெண்ணெய் பற்றி: தயவு செய்து வேண்டாம். ஈ மருந்தும் அடிக்க வேண்டாம், மண் தடத்தை உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். இங்கே சேதம் அதிகம் செய்வது காப்டோடெர்மஸ் வகை. அதன் கூடு பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்காது, ஒரு கம் மரத்தின் (யூகலிப்டஸ்) நடுவிலோ, வெட்டிவிட்ட அடிக்கட்டையிலோ இருக்கும். 50 மீட்டருக்கு அப்பாலிருந்துகூட நிலத்தடியில் வரும். இங்கே தொந்தரவு செய்தால் அந்த இடத்தைக் கைவிட்டு வேறு சுவரில் நுழையும். வேலை செய்கிற பாதை கையில் இருந்தால்தான் மருந்துத் தூளை அதன் வழியாகக் கூட்டுக்கு அனுப்ப முடியும். வாடிக்கையாளர் தானே மருந்தடித்த வீட்டில் எங்களுக்கு வேலை இரட்டிப்பு.

நில்லாமழை | செவ்வாய் மாலை

நான் கன்வேயன்சிங் (வீடு கைமாறும் பத்திர வேலை) அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மரம் பற்றித் தெரியாது, காகிதம் பற்றிச் சொல்கிறேன்.

நியூ சவுத் வேல்ஸில் சாதாரணமாக வீடு வாங்கினால், ஒப்பந்தம் கைமாறிய பிறகு 5 வேலைநாள் கூலிங் ஆஃப், அதாவது விலகிக்கொள்ளும் அவகாசம், உண்டு. மனசு மாறினால் விலையில் 0.25 சதவீதம் போகும். 12 லட்சம் டாலர் வீட்டுக்கு 3,000 டாலர். ஏலத்தில் வாங்கினால் இந்த வசதி கிடையாது. இன்னொன்று, பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது: ஏலத்தில் விலை எட்டாமல் வீடு பாஸ்-இன் ஆகி, அன்றே பேசி முடித்து ஒப்பந்தம் பரிமாறினாலும் கூலிங் ஆஃப் இல்லை. அன்று மாலை ஏஜென்ட் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை நினைவில் வையுங்கள்.

விற்பவர் எடுத்த ரிப்போர்ட் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். "எங்களை நியமித்தவர் தவிர மூன்றாம் நபர் இதை நம்பிச் செயல்படக் கூடாது" என்று ஒரு வரி எங்காவது இருக்கும். அப்படியிருந்தால் நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அந்த ஆய்வாளரிடம் நீங்கள் போய் நிற்பது கஷ்டம். சில நிறுவனங்கள் பணம் கட்டினால் அதே ரிப்போர்ட்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்கள். ஆனால் பார்க்காத இடம் பார்க்காத இடம்தான். அப்புறம், வீட்டுக் காப்பீடு கறையான் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. ஆக, தவறினால் மொத்தமும் உங்கள் கையிலிருந்துதான்.

கங்காரு காப்பி | செவ்வாய் இரவு

சரி, சரி. அப்படியென்றால் தெர்மல் கேமரா வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டால் போதுமே? சுவருக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

மர வைத்தியர் | செவ்வாய் இரவு

அது சுவருக்குள் பார்க்காது. சுவரின் மேற்பரப்பில் வெப்பம் எங்கே கூட, எங்கே குறைச்சல் என்று காட்டும், அவ்வளவுதான். கறையான் கூட்டமாக இருந்தால் சூடு தெரியலாம். தண்ணீர்க் குழாய் கசிந்தாலும் தெரியும், வெளியே வெயில் அடித்தாலும் தெரியும். ஈரமானியும் அப்படித்தான். ஈரம் இருக்கிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. டெர்மாட்ராக் என்று ரேடார் கருவி ஒன்று உண்டு, அது அசைவைப் பிடிக்கும். எல்லாம் உதவிதான். ஆனாலும் எனக்கு முதலில் டார்ச், அடுத்து நீளக் கம்பின் முனையில் உருண்டை வைத்த தட்டுகோல். ஸ்கர்டிங்கைத் தட்டிக்கொண்டே போனால் காலியான இடத்தில் சத்தம் மாறும். விளம்பரத்தில் கேமராவை மட்டும் பெரிதாகப் போடுபவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

தூங்காபி அக்கா | புதன் காலை

தம்பி, அந்தப் பக்கத்திலேயே பழைய வீடு வாங்கி, பிறகு நாங்களும் பின்னால் இழுத்துக் கட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆய்வாளருக்கு முன்னால் நீங்களே திறந்த வீட்டு நேரத்தில் இன்னொரு முறை போய்ச் சிலதைப் பாருங்கள். காசு செலவில்லை.

மீட்டர் பாக்ஸைத் திறங்கள். கறையான் தடுப்பு செய்திருந்தால் அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும்: என்ன முறை, எந்தத் தேதி, எவ்வளவு காலம் தாங்கும் என்று. அங்கே இல்லாவிட்டால் சமையலறைப் பெட்டியின் கதவுக்குப் பின்னால். பின்பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கவுன்சில் அனுமதியோடு கட்டினார்களா என்றே கேளுங்கள்.

வெளியே சுவர் ஓரமாக கான்கிரீட்டிலோ டைல்ஸிலோ வரிசையாகத் துளை போட்டு அடைத்த தடம் இருக்கிறதா? அது மருந்து செலுத்திய அடையாளம். புல்லில் வட்ட மூடிகள் புதைந்திருந்தால் கறையானுக்கு நஞ்சு வைக்கும் இரைப்பெட்டி. இரண்டில் எது இருந்தாலும் ஒரு காலத்தில் கறையான் வந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு ரசீது கேளுங்கள். முன்ஜாக்கிரதைக்குச் செய்தவர்களும் உண்டு, அவர்களிடம் ரசீது தயாராக இருக்கும். மழுப்புகிறவர்களிடம்தான் கேள்வி அதிகம் கேட்க வேண்டும்.

வீடு முழுக்கப் பழைய கதவு நிலை இருந்து, ஒன்றே ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் உள்ளே போனால் பின்னால் மரம் இல்லை.

பென்டில்ஹில் பெரியப்பா | புதன் காலை

அக்கா சொன்னதோடு ஒன்று. எழுபது, எண்பதுகளில் இந்த வீடுகளுக்கு அடியில் ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் என்று அடித்திருப்பார்கள். ஒருமுறை அடித்தால் பல்லாண்டு நிற்கும் சாமான். உடம்புக்கு ஆகாது என்று 1995இல் நிறுத்திவிட்டார்கள். என் வீட்டிலும் அடித்ததுதான். அதனால் உங்கள் வீட்டிலும் மண்ணில் மருந்து இருக்கலாம்.

மர வைத்தியர் | புதன் மதியம்

இருக்கலாம் பெரியப்பா. ஆனால் பின்பக்கம் ஸ்லாப் போட அந்த மண்ணைத்தானே தோண்டினார்கள்? புதுக் குழாய் போட்டார்கள், டெக் கட்டினார்கள். மருந்து கலந்த மண் தொடர்ச்சியாக இருக்கும் வரைதான் தடுப்பு. நடுவில் ஒரு அடி இடைவெளி விழுந்தால் மற்றப் பக்கமெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை. இப்போதைய பைஃபென்த்ரின், ஃபிப்ரோனில் எல்லாம் சில வருடங்கள்தான் தாங்கும். லேபிளில் போட்டிருக்கும்.

ஆன்ட் கேப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத் தடுப்பு என்று நினைக்கிறார்கள். தூணுக்கும் பேரருக்கும் (ஜாய்ஸ்டைத் தாங்கும் உத்தரம்) நடுவில் இருக்கும் தகரம். கறையானை அது தடுக்காது. அதைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்தில் மண் தடம் போட வைக்கும், அப்போது நாங்கள் வந்து பார்க்க முடியும். ஸ்லாப்பின் ஓரம் 75 மி.மீ தெரிய வேண்டும் என்பதும் அதற்காகத்தான். யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் அந்தத் தகரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்த முறைகள் எல்லாமே வருடத்துக்கு ஒரு முறையாவது ஆள் வந்து பார்ப்பார் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தவை. கறையான் தடுப்புக்கான தர விதி ஏஎஸ் 3660 அதைத்தான் சொல்கிறது.

திருச்சிக்காரன் | வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி போய்ப் பார்த்தோம், நாங்களே ஒரு ஆய்வாளரையும் கூட்டிப் போனோம்.

மீட்டர் பாக்ஸில் ஸ்டிக்கர் இல்லை. பழைய வீட்டின் வடக்குச் சுவர் ஓரமாகத் துளைகள் இருந்தன. ஏஜென்டிடம் கேட்டால் "விற்பவருக்கு ஞாபகமில்லை" என்கிறார். பின்வேலியோரம் ஒரு பெரிய அடிக்கட்டை, அதைச் சுற்றிப் பூச்செடி. சுடுநீர்த் தொட்டியின் வழிநீர்க் குழாய் நேரே சுவரடியில் சொட்டுகிறது.

ஆய்வாளர் தரைக்கு அடியில் முன்பாதி போய் வந்தார். ஆன்ட் கேப் எல்லாத் தூணிலும் இல்லையாம். பழைய குளியலறைக்குக் கீழே ஈரம் அதிகம். அதற்கு அப்பால் போக வழியில்லை. பேரர் ஒன்றில் சிறு துளைகளைப் படம் எடுத்துக் காட்டினார். "இது கறையான் இல்லை, போரர், மரத்தைத் துளைக்கும் வண்டு" என்றார். இதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். பின்பாதியைப் பார்க்க, படுக்கையறை அலமாரிக்குள் தரையை வெட்டி ஒரு ஹேட்ச் (ஆள் இறங்கும் வழி) போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். விற்பவர் ஏலத்துக்கு முன் வெட்ட விடமாட்டேன் என்கிறார்.

மர வைத்தியர் | வியாழன் இரவு

போரரில் இரண்டு வகை அடிக்கடி வரும். கீழே விழுந்த தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். நைசான மாவாக இருந்தால் லிக்டஸ். அது ஹார்ட்வுட்டின் வெள்ளைப் பகுதியை மட்டும் தின்னும், வைரத்தைத் தொடாது. பேரரில் ஓரமாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. தூள் நறநறவென்று இருந்து, மரம் பைனாக இருந்தால் அனோபியம். அது மெதுவாக வருடக்கணக்கில் வேலை செய்யும், ஈரமான தரையடியை விரும்பும். இரண்டாவது என்றால் அந்தத் தரைப்பலகை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் போரரைக் கண்டு பயந்து வீட்டை விடாதீர்கள்.

எனக்கு அதைவிடக் குளியலறை ஈரம்தான் உறுத்துகிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை அழுகல் தொடங்கிவிடும். டிம்பர் பெஸ்ட் ஆய்வில் அழுகலும் ஒரு பகுதி, கறையான் என்ற ஒரே வார்த்தையைத் தேடுகிறவர்கள் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழைய வீடுகளில் பாத்ரூமுக்கடியில் கறையானுக்கு முன்னால் அழுகல்தான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை: அலமாரிக்குள் வெட்டுவதற்கு முன், தரையின் மேல் பழைய வைனல் இருந்தால் அதன் அடிப்பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுவர் ஃபைப்ரோவும் அதே கதை. 1990க்கு முந்தைய வீட்டில் சும்மா ரம்பம் எடுக்கக் கூடாது.

நில்லாமழை | வெள்ளி காலை

வெட்ட விடமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, வீடு இன்னும் அவருடையது. அதைக் கேட்ட பிறகும் என்ன விலை சொல்வது என்பது உங்கள் உரிமை. ஏலத்தில் நிபந்தனை போட முடியாது. சுத்தியல் விழுந்தால் பார்க்காத பாதியும் சேர்ந்துதான் உங்களுடையது.

கங்காரு காப்பி | வெள்ளி காலை

நான் சொன்ன நீல மரத்தை யாரும் நம்பவில்லை என்று புரிகிறது :) என் கருத்து: பின்பாதி முழுக்கப் போயிருக்கிறது என்று வைத்து ஒரு விலை போடுங்கள். அதற்குக் கிடைத்தால் வாங்குங்கள்.

திருச்சிக்காரன் | ஞாயிறு

அப்படித்தான் செய்தோம். எங்கள் விலை வரை கை தூக்கினோம், அதற்கு மேல் யாருமே போகவில்லை. விற்பவர் எதிர்பார்த்த விலை வராமல் பாஸ்-இன். ஏஜென்ட் அன்றே முடிக்கலாம் என்று வீட்டு வாசலிலேயே பேனாவோடு நின்றார். நில்லாமழை எழுதியது நினைவில் இருந்ததால் திங்கட்கிழமை பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

திருச்சிக்காரன் | அடுத்த வெள்ளி

கூலிங் ஆஃபோடு ஒப்பந்தம் கைமாறியது. விற்பவர் இப்போது ஹேட்ச் போட ஒப்புக்கொண்டார், செலவு எங்களுடையது. வைனல் எதுவும் இல்லை, சைப்ரஸ் தரைதான், பெரியப்பா சொன்ன மாதிரியே.

ஆய்வாளர் உள்ளே போய் வந்தார். ஸ்லாப் ஓரத்துத் தூண்களில் மண் தடங்கள் உண்டு, ஆனால் காய்ந்தவை, உயிருள்ளது எதுவும் இல்லை. ஜாய்ஸ்ட் இரண்டு, ஒரு பேரரின் முனை, இவை பழைய சேதம். குளியலறைக்கடியில் அழுகல் நிஜம், ஷவர் கசிகிறது. காற்றுத் துவாரங்கள் பின்சுவரில் ஒன்றுகூட இல்லை. பில்டரிடம் மதிப்பீடு வாங்கி விலையில் குறைக்கக் கேட்டோம், கேட்டதில் பாதியைக் குறைக்கச் சம்மதித்திருக்கிறார். எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். வீடு கைக்கு வந்த பிறகு எதை முதலில் செய்வது? மருந்தடிக்க ஒருவர், ஜாய்ஸ்ட் மாற்ற ஒருவர் என்று ஆளாளுக்கு அவசரப்படுத்துகிறார்கள்.

மர வைத்தியர் | அடுத்த சனி

முதலில் தண்ணீர். ஷவர் கசிவு, சுடுநீர்த் தொட்டிக் குழாய், இரண்டையும் சரி செய்யுங்கள். அடுத்து தரைக்கடியில் காற்றோட்டம். பின்பக்கம் வழி இல்லாததால் பக்கச் சுவர்களில் துவாரம் கூட்டி, விசிறி வைக்க வேண்டியிருக்கலாம். ஓரிரு மாதம் காயட்டும். ஆனால் அடிக்கட்டையை அதற்குள் ஒருவர் துளையிட்டுப் பார்க்கட்டும். உள்ளே வெப்பமானி வைத்துச் சூடு கூடுதலாக இருந்தால் கூடு உயிரோடு இருக்கிறது, அதை முதலில் ஒழித்துவிட்டுத்தான் கட்டையைப் பிடுங்க வேண்டும்.

ஜாய்ஸ்ட் மாற்றும் வேலை மருந்துக்கு முன்னால். மருந்து போட்ட மண்ணில் பில்டர் முட்டிபோட்டுத் தோண்டினால் கொடுத்த காசு போச்சு. மருந்து கடைசி. ஸ்லாப் சேரும் கோட்டில் துளையிட்டுச் செலுத்துவதும் கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சுற்று மட்டும் போட்டு விலையைக் குறைத்துக் காட்டுவார்கள், உங்கள் வீட்டில் பிரச்சினை இருக்கும் இடம் அதுவல்ல.

தூங்காபி அக்கா | அடுத்த சனி

அந்த ஹேட்ச்சை ஆணியடித்து மூடச் சொல்லாதீர்கள் தம்பி, ஸ்க்ரூவோடு மூடி போடச் சொல்லுங்கள். மேலே செருப்பு ராக் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வருடமும் வரும் ஆள் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் மழைக்குப் பிந்திய புழுக்கமான சாயங்காலம் வீட்டுக்குள்ளிருந்து ஈசல் கிளம்பினால் வருடம் முடியக் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள், ஈசலில் நாலைந்தைப் பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

திருச்சிக்காரன் | அடுத்த சனி

ஸ்க்ரூ என்றே பில்டரிடம் சொல்லிவிட்டேன் அக்கா. மீட்டர் பாக்ஸ் ஸ்டிக்கரையும் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.